பாட்லக் பந்தி: அலுவலகத்தில் கூடிச் சாப்பிடும் முறை

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலோ கோவை சரவணம்பட்டியிலோ ஓர் அலுவலகத்தில் பாட்லக் என்று அறிவித்துவிட்டால் போதும், வாட்ஸ்அப் குழு களைகட்டிவிடும். ஒருவர் பிரியாணி என்பார். மூன்று பேர் தயிர் சாதம் என்பார்கள். இனிப்பு யார் பொறுப்பு என்ற கேள்வி கடைசி நாள் வரை தொங்கிக்கொண்டிருக்கும். ஆளுக்கு ஒன்று சமைத்துவந்து பகிர்ந்து உண்பது நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் சொந்தபந்தம் கூடிச் சாப்பிடும்போது ஒரு வீட்டுச் சமையல் இன்னொரு வீட்டுக்குத் தெரிந்திருக்கும். அலுவலகத்தில் அப்படி இல்லை. நான்கு வருடமாகப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பூண்டு தொடமாட்டார் என்பது பாட்லக் அன்றுதான் தெரியவரும்.

இருபது பேர் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைகூடத் தொடாத சைவர் இருப்பார். கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை, ஆம்லெட் வேண்டாம் என்பவர் இருப்பார். செவ்வாய், வெள்ளி மட்டும் அசைவம் தவிர்ப்பவர், சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர், ஹலால் இறைச்சி மட்டும் உண்பவர், கிழங்கு வகை தவிர்க்கும் சமணர், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் என்று எல்லோரும் இருப்பார்கள். இத்தனை பேருக்கும் ஒரே மேசை போதும். முன்னதாகக் கேட்டு, தெளிவாக எழுதி வைத்து, கவனமாகப் பரிமாறினால் போதும். அதற்கான வேலைமுறைதான் இந்த அத்தியாயம். அனைத்துக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றுதான்: என்ன சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள்.

காரணம் கேட்காதீர்கள்

தமிழ்நாட்டில் ஒருவர் தட்டில் இருப்பது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. "நீங்க வெஜ்ஜா?" என்று கேட்டுவிட்டு, "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" என்று தொடரும் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது இங்கே வளர்ந்த எவருக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்கக் கூசுகிறவர்கள் சாப்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கேட்பவர் மனதில் அப்படி எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பதில் சொல்பவருக்கு அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சேர்ந்து உண்பதற்காக இந்த மண்ணில் போராட்டமே நடந்திருக்கிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து, 1920-களில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல்தான் முடிவுக்கு வந்தது. இன்றும் ஆகஸ்ட் 15 அன்று அறநிலையத் துறையின் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் பொதுமக்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறார்கள். அலுவலகமும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. 2014-இல் சென்னையில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில், ஊழியர் உணவகத்துக்குள் அசைவம் கொண்டுவர வேண்டாம் என்று போட்ட சுற்றறிக்கை வெளியே வந்து பெரிய விவாதமானது.

ஆகவே ஏற்பாட்டாளருக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, உணவுகளைப் பிரித்து வையுங்கள், ஆட்களைப் பிரித்து உட்கார வைக்காதீர்கள். "சைவக்காரங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று குரல் கொடுப்பது தவறு. இறைச்சி வாசனை பட்டால் ஒருவருக்குக் குமட்டும் என்றால் அவரே தள்ளி உட்கார்ந்துகொள்ளட்டும். அது அவர் விருப்பம். அதை யாரும் கவனித்துப் பேச வேண்டியதில்லை. இரண்டாவது, அசைவம் உண்டு என்று முடிவு செய்தபிறகு ஒரு வீட்டு உணவை மட்டும் விலக்காதீர்கள். கோழிக்கு இடம் இருக்கிறது, கருவாட்டுக்கு இல்லை என்பது உணவு பற்றிய முடிவாக நின்றுவிடாது. மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ வருகிறது என்றால் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிவியுங்கள். தனி மூடி, தனிக் கரண்டி, தெளிவான சீட்டு, மேசையில் ஓரிடம் என்று ஒழுங்கு செய்யுங்கள். வேண்டாதவர் அந்தப் பக்கம் போகமாட்டார்.

நாள் குறிக்கும்போது

சாதாரண வாரத்தில் புதன்கிழமை வசதியான நாள். செவ்வாய், வெள்ளி, சனியில் அசைவம் தவிர்ப்பவர்கள் நிறைய. திங்களும் வியாழனும் விரதம் இருப்பவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஜும்ஆ தொழுகை. முஸ்லிம் நண்பர்கள் தொழுதுவிட்டுத் திரும்புவதற்குள் பாத்திரங்கள் காலியாகியிருக்கும். "வெள்ளிக்கிழமைன்னா கொஞ்சம் ரிலாக்ஸா இருக்கலாம்" என்று முடிவெடுக்கும் மேனேஜர்கள் இதை யோசிப்பதில்லை.

தேதி சொல்வதற்கு முன் தினசரி காலண்டரைப் புரட்டுங்கள். ரமலான் மாதத்தில் மதிய விருந்து வைக்காதீர்கள். நோன்பு வைத்திருப்பவர் முன்னால் பந்தி விரிப்பது நியாயமில்லை. ஈகைப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் கழித்து வையுங்கள். செப்டம்பர் பாதியில் தொடங்கும் புரட்டாசியில் மாதம் முழுக்க அசைவம் தொடாதவர்கள் உண்டு. சனிக்கிழமை மட்டும் தவிர்ப்பவர்களும் உண்டு. சமணர்களின் பர்யூஷண விரதம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டிருப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் பலர் இறைச்சியைத் தவிர்ப்பார்கள். ஏகாதசி, அமாவாசை, கிருத்திகை, கந்த சஷ்டியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலிருந்தும் தப்பித்து ஒரு நாள் கிடைக்காமல் போகலாம். அப்போது அன்றைக்கு யாருக்கு என்ன விலக்கோ அதற்கேற்பப் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம்.

கேட்கும் முறை

பொதுக் குழுவில் "யாரெல்லாம் நான்-வெஜ்? கை தூக்குங்க" என்று போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்புங்கள். கேள்வி உணவைப் பற்றியதாக மட்டும் இருக்கட்டும். உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம். அடுத்த புதன்கிழமை மதியம் 12.45-க்கு நம்ம டீம் பாட்லக். நீங்க சாப்பிடாத பொருள், உடம்புக்கு ஒத்துக்காத பொருள் எதாவது இருந்தா எனக்கு மட்டும் சொல்லுங்க. காரணம் வேண்டாம். வெங்காயம், பூண்டு, முட்டை, பால், வேர்க்கடலை, முந்திரி, இறால், கோதுமைன்னு எதுவா இருந்தாலும் சரி. சமைக்க வசதிப்படலைன்னாலும் தயங்காம சொல்லுங்க, வேற வேலை நிறைய இருக்கு."

வந்த பதில்களைப் பெயரோடு சேர்த்து யாரிடமும் காட்டாதீர்கள். "நம்ம குழுவில் இரண்டு பேருக்குப் பூண்டு வேண்டாம், ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாது" என்ற அளவில் சமைப்பவர்களுக்குச் சொன்னால் போதும். ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதோ, ஒருவர் கர்ப்பமாக இருப்பதோ பாட்லக் பட்டியல் வழியாக வெளியே வரக் கூடாது. ஒவ்வாமை கடுமையாக உள்ளவர் விஷயத்தில் மட்டும், அவர் சம்மதத்தோடு எல்லோருக்கும் தெரிவியுங்கள்.

யார் எதைக் கொண்டுவருவது

இருபது பேருக்கு ஒரு நடைமுறைக் கணக்கு:

- கலந்த சாதம் அல்லது பிரியாணி: 4 பேர்
- சப்பாத்தி, இட்லி, இடியாப்பம் போன்றவை: 3 பேர்
- குழம்பு, கூட்டு, குருமா: 3 பேர்
- பொரியல், உசிலி, சுண்டல்: 3 பேர்
- அசைவக் குழம்பு, வறுவல்: 2 பேர்
- இனிப்பு: 2 பேர்
- மோர், பழம்: 2 பேர்
- தட்டு, வாழை இலை, தண்ணீர், அப்பளம், ஊறுகாய்: ஒருவர்

அளவில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். ஒரு கிலோ அரிசிச் சோறு முழுச் சாப்பாடாக 8 முதல் 10 பேருக்கு வரும். ஆனால் பாட்லக்கில் யாரும் ஒரே சாதத்தை வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை, எல்லாவற்றிலும் ஒரு கரண்டி போட்டுக்கொள்வார்கள். நான்கு வகைச் சாதம் இருந்தால் ஒவ்வொருவரும் அரை கிலோ அரிசி போட்டால் இருபது பேருக்குத் தாராளம். மோர் ஆளுக்கு ஒரு தம்ளர் கணக்கில் நான்கு லிட்டர் வேண்டும்.

வழியில் சிந்தாமல், சீக்கிரம் கெடாமல், ஆறினாலும் ருசி குறையாமல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குக் கட்டிக்கொண்டு போகும் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் இந்தக் காரணத்தால்தான் காலங்காலமாக நிலைத்திருக்கின்றன. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி மதியம் வரை மெத்தென்று இருக்கும். தயிர் சாதம் கொண்டுவருபவர் சோற்றைக் குழையப் பிசைந்து, ஆறியபின் பாலை நிறைய ஊற்றி, ஒன்றிரண்டு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி பாட்லக்குக்கு உகந்ததில்லை. வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். வதக்கி அரைத்த துவையல் நல்ல மாற்று.

பட்டியலில் மூன்றில் ஒரு பங்காவது எல்லோரும் உண்ணக்கூடியதாக அமையட்டும். வெங்காயம், பூண்டு, கிழங்கு, பால், கொட்டை எதுவும் சேராத பதார்த்தம் கிட்டத்தட்ட எல்லா விலக்குகளையும் தாண்டிவிடும். வேர்க்கடலை போடாத எலுமிச்சை சாதம், முந்திரி சேர்க்காத தேங்காய் சாதம், பீன்ஸ் பருப்பு உசிலி, கொண்டைக்கடலைச் சுண்டல், நறுக்கிய பழம் ஆகியவை இந்த வகை. நம் வீடுகளில் வாரந்தோறும் செய்பவைதான் இவை; புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

விடுதியிலும் மேன்ஷனிலும் தங்கியிருப்பவர்களுக்கு அடுப்பு கிடையாது. அவர்கள் பழம் வாங்கி வரலாம், ஸ்விக்கியில் வரவழைக்கலாம், இலை வாங்கி வரலாம், பரிமாறலாம். "கடைல வாங்கினதா?" என்று இளக்காரமாகக் கேட்காதீர்கள். செலவுக் கணக்கையும் மனதில் வையுங்கள். மாதக் கடைசியில் மட்டன் எடுப்பது எல்லோருக்கும் முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல அலுவலகங்களில் பெண் ஊழியர்கள் விடிகாலை நாலரைக்கு எழுந்து சமைக்கிறார்கள். ஆண்கள் குளிர்பான பாட்டில் வாங்கி வந்துவிட்டுக் கணக்கை முடிக்கிறார்கள். "உங்க வீட்டம்மாகிட்ட சொல்லி எதாவது செஞ்சிட்டு வாங்க சார்" என்று கேட்பது, அந்த வீட்டுப் பெண்ணை அவரைக் கேட்காமலேயே வேலைக்கு வைப்பதாகும். சீட்டுக் குலுக்கிப் பொறுப்பைப் பிரியுங்கள். சமைக்காதவர் பரிமாறட்டும், பாத்திரம் தேய்க்கட்டும், மேசை துடைக்கட்டும்.

சைவ உணவில் தெரியாமல் சேர்பவை

இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. கடைப்பொருள்களைப் பயன்படுத்தினால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவக் குறி முன்பு பழுப்பு வட்டமாக இருந்தது. 2020-ஆம் ஆண்டின் விதிகள் அதைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் முட்டை அசைவம். பாலும் தேனும் அசைவத்தில் சேராது.

கவனிக்க வேண்டியவை இவை. ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் இருக்கும் ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கப்படுவது. அதற்குப் பதில் கடற்பாசியிலிருந்து வரும் சைனா கிராஸ் போட்டால் சைவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் சாப்பிடலாம். ஃபிரைடு ரைஸில் ஊற்றும் ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்து வருவது. வூஸ்டர்ஷயர் சாஸில் பெரும்பாலும் நெத்திலி வகை மீன் இருக்கும். சூப்புக்குக் கரைக்கும் கட்டியில் கோழிச் சாறு இருக்கலாம். மாசிக் கருவாட்டுப் பொடி தூவிய சம்பல் பார்வைக்குத் தேங்காய்ச் சம்பல் போலவே இருக்கும். மீன் பொரித்த எண்ணெயில் வடை சுட்டால் அந்த வடை சைவருக்கு ஆகாது. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் ரம் சேர்ந்திருந்தால் முஸ்லிம்களிடம் சொல்லிவிட வேண்டும்.

சமணர்கள் வெங்காயம், பூண்டோடு உருளை, கேரட், முள்ளங்கி, பீட்ரூட், சேனை என்று மண்ணுக்கடியில் விளைபவற்றையும் தவிர்ப்பார்கள். பச்சை இஞ்சிக்குப் பதில் சுக்கு போட்டால் பலர் ஏற்றுக்கொள்வார்கள். தேனும் பலருக்கு விலக்கு. சௌகார்பேட்டையில் வாழும் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் மட்டும்தான் சமணர்கள் என்று நினைக்க வேண்டாம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வேரூன்றிய தமிழ்ச் சமணர்களும் உங்கள் அலுவலகத்தில் இருக்கலாம். பாலும் நெய்யும் தவிர்க்கும் வீகன் நண்பருக்குப் பொங்கலில் ஊற்றிய நெய்யே தடை. ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதிக்கு நெய் ஊற்றலாம்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ரவை, சேமியா, மைதா எல்லாமே கோதுமைதான். பெருங்காயத்தையும் பாருங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. ஒரு சிட்டிகைதானே என்று விட்டுவிட்டால், குடல் நோயால் கோதுமையை அறவே ஒதுக்கியவருக்குச் சாம்பாரும் ரசமும் இல்லாமல் போய்விடும்.

பெயர்ச் சீட்டு

பாட்லக் மேசையில் மிகவும் உதவும் பொருள் ஒரு துண்டு அட்டை. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் ஒன்று இருக்கட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். "புளியோதரை" என்று மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதுங்கள்:

"புளியோதரை. சைவம். வெங்காயம், பூண்டு இல்லை. வேர்க்கடலை உண்டு. எள், நல்லெண்ணெய் உண்டு. பெருங்காயத்தில் கோதுமை உண்டு. பால், நெய் இல்லை. காரம் நடுத்தரம். காலை 7 மணிக்குக் கலந்தது."

அசைவச் சீட்டில் எந்த இறைச்சி, ஹலால் கடையில் வாங்கியதா என்று இரண்டும் வேண்டும். முட்டை சேர்ந்தால் "முட்டை உண்டு" என்று தனியாகப் போடுங்கள். கோயில் பிரசாதம் கொண்டுவந்தால் "பிரசாதம்" என்று எழுதித் தனியாக வையுங்கள். படைத்த உணவை உண்ணாத முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்கள் சங்கடமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளலாம். சீட்டின் ஓரத்தில் சமைத்தவர் பெயர் இருந்தால் சந்தேகம் கேட்கவும் பாராட்டவும் உதவும். சேர்த்த பொருளில் சந்தேகம் இருந்தால் "இல்லை" என்று எழுதாதீர்கள். "தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

மேசையும் கரண்டியும்

கரண்டி இடம் மாறுவது எப்படி என்று ஒரு நாள் நின்று கவனியுங்கள். ஒருவர் கோழிக் குழம்பை ஊற்றிக்கொள்வார். யாரோ அவரிடம் ரிலீஸ் தேதி பற்றிப் பேச்சுக் கொடுப்பார்கள். கரண்டி கையிலேயே இருக்கும். பேச்சு முடியும்போது பக்கத்தில் இருக்கும் கத்தரிக்காய்க் கொத்சு பாத்திரத்தில் அந்தக் கரண்டி இறங்கிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் அந்த நொடியோடு கொத்சை நம்பி வந்த சைவருக்கு அது போய்விட்டது. பார்த்தவரும் சொல்லத் தயங்குவார்.

இதைத் தடுக்க எளிய வழிகள் உண்டு. சைவப் பாத்திரங்களை ஒரு மேசையிலும் அசைவத்தை இன்னொரு மேசையிலும் வையுங்கள். ஒரே மேசைதான் என்றால் நடுவில் அரை அடி இடம் விட்டு, சைவத்திலிருந்து அசைவத்தை நோக்கி வரிசை நகருமாறு அமையுங்கள். அசைவக் கரண்டிகளின் கைப்பிடியில் சிவப்பு ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் கரண்டி வைக்க ஒரு சின்னத் தட்டு. உபரியாக நான்கைந்து கரண்டிகள் கையில் இருக்கட்டும்.

இதைவிட நல்லது நம் கல்யாணப் பந்தி முறை. கை கழுவிய மூன்று பேர் பரிமாற, மற்றவர்கள் உட்கார்ந்து உண்பது. பரிமாறுபவர் இன்னும் சாப்பிடத் தொடங்காதவர் என்பதால் எச்சில் பட வாய்ப்பில்லை. கரண்டியும் இடம் மாறாது. முதல் சுற்று முடிந்ததும் வேறு மூன்று பேர் பொறுப்பெடுத்து, முதலில் பரிமாறியவர்களை உட்கார வைக்க வேண்டும். மேனேஜர் பரிமாறினால் குழுவுக்கே நல்லது.

ஒவ்வாமை உள்ளவரும் கடுமையான விலக்கு உள்ளவரும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அப்போதுதான் பாத்திரங்கள் கலக்காமல் இருக்கும். வேர்க்கடலை, இறால் ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்து. சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு, நாக்கு வீங்குவது, உடம்பில் தடிப்பு எழுவது, மூச்சுத் திணறுவது என்று தெரிந்தால் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அவரிடம் அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே போட உதவுங்கள்.

உணவு கெடாமல்

காலை ஆறு மணிக்குச் சமைத்தது மதியம் ஒரு மணிக்கு இலைக்கு வருகிறது. ஏழு மணி நேரம். கிருமிகள் பெருக ஏற்ற வெப்பம் 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. இந்த இடைவெளியில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

ஆகவே சோறு, இறைச்சி, முட்டை, பால் பதார்த்தங்களை அலுவலகம் வந்தவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள். எத்தனை பாத்திரம் கொள்ளும் என்று முதல் நாளே பார்த்துவையுங்கள். சூடாகக் கொண்டுவருபவர்கள் ஹாட்பேக்கில் முதலில் வெந்நீர் ஊற்றி வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க நிரப்புங்கள். மைக்ரோவேவில் எவர்சில்வர் பாத்திரம் வைக்கக் கூடாது. கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, நடுவிலும் ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள். சைவத்தை முதலில் சூடாக்கி, மீனையும் கருவாட்டையும் கடைசியில் மூடிபோட்டுச் சூடாக்குங்கள். வாசனை மற்றவர் உணவில் ஏறாது.

பந்தியில் பேச்சு

உபசரிப்பு நம் பழக்கம். அம்மாவும் அத்தையும் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று மூன்று முறை சொல்வார்கள். அங்கே அது அன்பு. அலுவலகத்தில் ஒரு முறை கேட்டால் போதும். "வேண்டாம், நன்றி" என்று வந்த பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது", "சாமி கோவிச்சுக்காது", "இந்த வயசுலயே சுகரா?", "டயட்டா?" என்பவை எல்லாம் வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொள்ள வேண்டிய வாக்கியங்கள். மாலை போட்டவரிடம் பிரியாணியை நீட்டி வேடிக்கை பார்ப்பது நட்பு ஆகாது.

இன்னொருவர் வீட்டு உணவின் வாசனையைப் பற்றி முகம் சுளிக்காதீர்கள். கருவாட்டுக் குழம்புக்காரருக்கு அது அவர் பாட்டியின் கைமணம். "நாத்தம்" என்ற ஒரு சொல் போதும், அவர் அடுத்த பாட்லக்குக்கு வெறும் சிப்ஸ் பாக்கெட்டோடு வருவார். சைவ நண்பரையும் "புல் தின்னி" என்று கேலி செய்யாதீர்கள். பிடித்திருந்தால் சமைத்தவரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள்: "உங்க வத்தக்குழம்பு நல்லா இருந்துச்சு அக்கா, சுண்டைக்காயை எப்படி வறுத்தீங்க?" பிடிக்கவில்லை என்றால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மறுக்க வேண்டியவருக்கும் ஒரு வார்த்தை. நீண்ட விளக்கம் தராதீர்கள். "பார்க்கவே நல்லா இருக்கு, நான் இன்னைக்கு எடுத்துக்கலை" என்று சொன்னால் போதும். உங்களுக்கு விலக்கு அதிகம் என்றால் நீங்கள் வயிறாரச் சாப்பிடக்கூடிய ஒன்றையே இருபது பேருக்கும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். தனி டப்பாவோடு ஓரமாக உட்கார வேண்டிய அவசியம் வராது.

முடிந்த பிறகு

அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் அக்காக்களும் காவலாளி அண்ணன்களும் தேநீர் கொண்டுவரும் தம்பியும் அதே தளத்தில்தான் வேலை செய்கிறார்கள். மிச்சம் விழுந்ததை மாலையில் ஒரு கவரில் போட்டு அவர்களிடம் நீட்டுவது தவறு. நாள் குறிக்கும்போதே அவர்களையும் அழையுங்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று அவர்களிடமும் கேளுங்கள், பந்தியில் பக்கத்தில் உட்கார வையுங்கள். எதையாவது கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு வேண்டாம். விரும்பிக் கொண்டுவந்தால் அதுவும் மேசைக்கு வரட்டும்.

மீந்ததில் கை படாத, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்காத உணவை மட்டும் பொட்டலம் கட்டுங்கள். அதன் சீட்டையும் சேர்த்து ஒட்டுங்கள். மற்றதைக் கொட்டிவிடுவதே சரி. பாத்திரங்களை அன்றே கழுவி உரியவரிடம் கொடுங்கள். அசைவம் இருந்த பாத்திரத்தை வேறு தொட்டியில் கழுவினால் இன்னும் நல்லது.

அடுத்த நாள் ஏற்பாட்டாளர் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நேற்று அப்பளமும் வாழைப்பழமும் மட்டும் சாப்பிட்டு எழுந்தவர் யார் என்று யோசியுங்கள். அவரிடம் தனியாகப் போய், "அடுத்த தடவை உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்து அடுத்த பட்டியலைத் தொடங்குங்கள். வந்தவர்களில் ஒருவராவது பசியோடு எழுந்து போனால் அந்தப் பந்தி நிறைவான பந்தி ஆகாது.